சமமான இரண்டு பெட்டிகள்

ஒரு மாணவனைப் பற்றி நான் எழுதிய ஒரு வரியைத் திரும்பப் பெறுவதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். ஆசிரியத் தொழிலில் நாம் எழுதும் வரிகள் பல. தேர்ச்சி அறிக்கையின் ஓரத்திலும், கொப்பியின் கடைசிப் பக்கத்திலும், பரிசுத் தீர்ப்பின் அடியிலும் சிவப்பு மையால் கிறுக்கிவிட்டு மறுகணமே மறந்துவிடுகிறோம். எழுதப்பட்டவன் மறப்பதில்லை. அவன் அதைத் தன் நெற்றியில் எழுதப்பட்டதாகவே கொண்டு நடமாடுகிறான்.

சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையின் கணினிக் கழகம் ஒரு சிறு கண்காட்சி நடத்தியது. கணினி விளையாட்டுகளை ஆக்குவதற்கென இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைக் கொண்டு, தம் ஊரின் ஒரு காட்சியை முப்பரிமாணத்தில் அமைத்து, பார்வையாளர் அதற்குள் நடந்து திரியும்படி செய்வதே போட்டி. இறுதிக்கு வந்தவர்கள் இருவர். ஒருவன் கல்முனைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் ஒருவரின் மகன். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியையும் அதன் கொடியேற்ற விழாவையும் அவன் அமைத்திருந்தான். மற்றவன் ஒலுவில் மீனவர் ஒருவரின் மகன். அவன் அமைத்தது ஒலுவில் துறைமுகம். வெளிச்ச வீடு, கருங்கல் அலைதடுப்பு, வாயை மூடிக் கிடக்கும் மணல்மேடு, அதற்கு உள்ளே வெளியேற வழியின்றி நிற்கும் படகுகள் ஆகியவற்றைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருந்தான்.

இருவரும் தத்தம் வீட்டுக் கணினிகளையே கொண்டுவந்திருந்தனர். இரண்டும் விளையாட்டுக்கென்று பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டிய பெட்டிகள். ஒரே செயலி, ஒரே மாதிரித் தாய்ப்பலகை, ஒரே அளவு நினைவகம். ஆகவே போட்டி நேர்மையானது என்று நடுவர்களாகிய நாங்கள் திருப்தியடைந்தோம். கடைக்காரர் மகனின் பள்ளிவாசல் திரையிலே வழுக்கிக்கொண்டு ஓடியது. மீனவர் மகனின் துறைமுகமோ திக்கித் திக்கி நகர்ந்தது. அலை பாதியில் நின்று, பின் தாவியது. திரும்பிப் பார்க்க முயன்றால் வெளிச்ச வீடு இரண்டு தாவலில் வந்து சேர்ந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். நான் எழுதினேன்: "கருத்து நன்று. செய்கையில் நேர்த்தி போதாது. முயற்சி தேவை."

இரண்டு வாரம் கழித்து அவன் என்னிடம் வந்தான்.

"சேர், உயர்தரம் எடுக்கல்ல. காக்கா கத்தாருக்கு வரச் சொல்றார். போகப் போறன்."

"ஏன் மனே, என்ன நடந்தது?"

"எனக்கு இது சரிவராது சேர். ரெண்டு பேருக்கும் ஒரே பெட்டிதானே. அவன்ட ஓடுது, என்ட ஓடுதில்ல. அப்ப பிழை எனக்கிட்டதானே?"

இந்தத் தருக்கத்தில் நான் திடுக்கிட்டுப் போனேன். அது அவனுடைய தருக்கமன்று, என்னுடையது. கருவிகள் சமம், விளைவு சமமில்லை, ஆகவே குறை ஆளிடத்திலே என்று அந்த மேசையில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதியவன் நானே.

திரையில் அசைவதாகத் தோன்றும் எதுவும் உண்மையில் அசைவதில்லை. சினிமாவில் விநாடிக்கு 24 அசையாப் படங்கள் அடுத்தடுத்து வருகின்றன. கண் அவற்றைக் கோத்து அசைவாக்கிக்கொள்கிறது. கணினி விளையாட்டிலும் இதுவே நடக்கிறது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சினிமாவின் படங்கள் முன்னரே எடுத்து வைக்கப்பட்டவை. விளையாட்டிலோ நம் கை எப்பக்கம் திரும்புகிறதோ அதற்கேற்ப ஒவ்வொரு படமும் அந்தக் கணத்திலேயே வரையப்பட வேண்டும். விநாடிக்கு 60 படம் என்றால் ஒன்றை வரையக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி. அந்நேரத்துக்குள் வரைந்து முடியாவிட்டால் பழைய படமே திரையில் நிற்கும். அதையே பையன்கள் 'பிரேம் விழுகுது' என்கிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பாட்டுக்குப் பின், ஒலுவிலில் அவன் வீட்டுக்குப் போனேன். துறைமுகத்துக்கு வடக்கே, கடலுக்கு அண்மையில் உள்ள சிறு கல்வீடு. கடைக்காரரின் மகனும் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அவனை அழைத்தவன் நானல்ல, அவன் தானாகவே வந்தான். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பழைய மாணவன் ஒருவனும் சேர்ந்துகொண்டான். உம்மா தேநீர் வைத்துவிட்டு, "சேர், இந்தப் பெட்டியால புள்ள கெட்டுப் போறானோ?" என்று கவலையோடு கேட்டார். "பெட்டிதான் கெட்டிருக்கா எண்டு பார்க்க வந்திருக்கம்" என்றேன்.

முதலில் செய்தது மிக எளிய ஒரு சோதனை. அதை நான் கண்காட்சி அன்றே செய்திருக்க வேண்டும். துறைமுகத்தைக் கடைக்காரர் மகனின் பெட்டியிலும், பள்ளிவாசலை மீனவர் மகனின் பெட்டியிலும் மாற்றி ஓடவிட்டோம். ஒரே திரை, ஒரே பட அளவு, ஒரே அமைப்பு, ஒவ்வொன்றும் இருபது நிமிடம். கடைக்காரர் மகனின் பெட்டியில் பள்ளிவாசல் விநாடிக்குச் சராசரி 96 பிரேமும், துறைமுகம் 94 பிரேமும் காட்டின. மீனவர் மகனின் பெட்டியில் துறைமுகம் 38, பள்ளிவாசல் 40. துறைமுகக் காட்சி தங்கு தடையின்றி ஓடுவதை, அதை ஆக்கியவனே அன்றுதான் முதன்முதலாகக் கண்டான். அவன் ஒன்றும் பேசவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்குப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தான்.

ஆளின் மீதிருந்த குற்றச்சாட்டு இத்துடன் தள்ளுபடியாயிற்று. இனிப் பெட்டியை விசாரிக்க வேண்டும். இவ்விசாரணைக்கு ஒரே ஒரு விதிதான்: ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்று; மாற்றியபின் அள; அளந்ததை எழுது. பத்தை ஒருங்கே மாற்றிவிட்டுச் சரியாயிற்று என்று மகிழ்பவன் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

திரையின் புதுப்பிப்பு வேகத்தோடு படத்தைப் பூட்டி வைக்கும் அமைப்பை முதலில் சந்தேகித்தோம். அப்படிப் பூட்டியிருந்தால் எண்ணிக்கை ஒரு வரம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். இங்கோ அது 20க்கும் 50க்கும் இடையே தத்தளித்தது. ஆகவே அது காரணமன்று. ஊரில் மாலை வேளைகளில் மின்னழுத்தம் தாழ்வது வழக்கமாகையால் நான் மின்சாரத்தைச் சந்தேகித்தேன். இரண்டு பெட்டிகளும் ஒரே சுவரில் ஒரே துளையில் மாறி மாறி ஓடியதை மாணவர்கள் நினைவூட்டியதும் வாயை மூடிக்கொண்டேன்.

பின்பு இயங்குதளத்தின் மின் அமைப்பைத் திறந்து பார்த்தோம். அது 'மின்சிக்கனம்' என்ற நிலையில் இருந்தது. அந்நிலையில் செயலி தன் முழு வேகத்துக்கு எழாமல் பாதியிலேயே அடங்கி நடக்கும். யார் இப்படி வைத்தது என்று கேட்டோம். தான்தான் என்றான். இலங்கையில் 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏற்றப்பட்டதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அந்நாளில் உம்மா பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அழுததைக் கண்டு இவன் அவ்வாறு மாற்றினானாம். கட்டணம் அதற்குப்பின் இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. மாற்றிய அமைப்பு மட்டும் அப்படியே கிடந்தது. அதைச் சரிசெய்ததும் 38 என்பது 46 ஆயிற்று.

அடுத்தது நினைவகம். இங்கேதான் பெரிய கள்ளன் பதுங்கியிருந்தான். இவ்விரு பெட்டிகளிலும் படம் வரைவதற்குத் தனி அட்டை கிடையாது. 2021, 2022ஆம் ஆண்டுகளில் நாணயக் 'கணிச் சுரங்கம்' தோண்டுவோர் உலகெங்கும் அவற்றை அள்ளிக்கொண்டதாலும், 2022இல் நமது ரூபா டொலருக்கு 200 என்ற நிலையிலிருந்து 360 வரை சரிந்ததாலும், அத்தகைய அட்டை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எட்டாக்கனியாயிற்று. ஆகவே படம் வரையும் பகுதியையும் தன்னுள்ளே கொண்ட செயலியையே இருவரும் வாங்கினர். அது சொந்த நினைவகம் இல்லாதது. கணினியின் பொது நினைவகத்தையே கடன் வாங்கி வேலை செய்வது. எனவே நினைவகத்துக்குச் செல்லும் பாதை எவ்வளவு அகலமோ, அவ்வளவுதான் அதன் வேகம்.

கடைக்காரரின் மகன் 8 ஜிபி ரேம் இரண்டை ஒன்றாக வாங்கினான். கடையில் விபரமறிந்த ஒருவர் அவற்றை உரிய துளைகளில் பொருத்தி, தாய்ப்பலகையின் பயோஸ் அமைப்பில் அவற்றின் உரிய வேகமாகிய 3200ஐயும் இயக்கிக் கொடுத்தார். மீனவரின் மகனும் 8 ஜிபி ரேம் இரண்டையே வாங்கினான். ஆனால் ஒன்றை வாங்கி எட்டு மாதம் கழித்தே மற்றதை வாங்க முடிந்தது. பலகையும் பழையதாகக் கைமாறி வந்தது. அதனோடு கையேடு வரவில்லை. வெறுமையாக இருந்த பக்கத்துத் துளையில் இரண்டாவதைத் தானே செருகிவிட்டான். பக்கத்துப் பக்கத்துத் துளைகள் இரண்டும் ஒரே பாதையைச் சேர்ந்தவை. ஒன்று விட்டு ஒன்றில் வைத்தால்தான் இரண்டு பாதைகளும் திறக்கும் என்பதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை. வேகமும் தொடக்க நிலையாகிய 2133இலேயே நின்றது.

கணக்கு ஆசிரியர்கள் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒரு பாதை ஒரு தடவைக்கு 8 பைட் சுமக்கும். விநாடிக்கு 2133 மில்லியன் தடவை என்றால் ஏறத்தாழ 17 ஜிகாபைட். 3200 என்றால் 25.6. இரண்டு பாதைகள் திறந்தால் 51.2. பெட்டியின் மேல் இருவருக்கும் எழுதியிருப்பது '16 ஜிபி ரேம்' என்ற ஒரே சொல். உள்ளே ஒருவனுக்கு ஓடுவது 51, மற்றவனுக்கு 17. மூன்றில் ஒரு பங்கு!

முதலில் வேகத்தை மட்டும் மாற்றினோம்; 46 என்பது 58 ஆயிற்று. பிறகு மின்னிணைப்பைத் துண்டித்து, ஒரு ரேமைக் கழற்றி, உரிய துளையில் தள்ளி வைத்தோம். 84. எவரும் ஒரு சதமும் செலவழிக்கவில்லை. பெருவிரல் அகலம் தள்ளி வைத்ததுதான் நாங்கள் செய்த காரியம்.

ஆயினும் ஏழெட்டு நிமிடம் ஓடியபின் அலை மறுபடியும் திக்கிற்று. வெப்பமானியைப் பார்த்தோம், செயலி 95 பாகையைத் தொட்டு நின்றது. அந்த வரம்பை எட்டியதும் தன்னைக் காத்துக்கொள்வதற்காகச் செயலி தானே வேகத்தைத் தணித்துவிடும். விசிறியைக் கழற்றினோம். ஆனி ஆடியில் தரைப்பக்கமிருந்து அடிக்கும் கச்சான் கொண்டுவந்த புழுதியும், கடலின் உப்பீரமும் சேர்ந்து, விசிறிக்குக் கீழுள்ள உலோகத் தகடுகளிடையே கம்பளிபோலப் படிந்து இறுகிக் கிடந்தன. கடைக்காரர் வீட்டில் கணினி இருப்பது குளிரூட்டிய அறையில். இங்கே இருப்பது திறந்த சன்னலோரம். தூரிகையால் துடைத்து, காய்ந்துபோன வெப்பப் பசையைச் சுரண்டிப் புதியது பூசினோம். வெப்பம் 70க்கு இறங்கிற்று. இருபது நிமிடச் சராசரி 90.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். இத்தனை நேரம் நான் கூறி வந்தவை சராசரிகள். வகுப்புச் சராசரியும் நாட்டின் தலாவருமானமும் எதை மறைக்குமோ, அதையே இதுவும் மறைக்கும். பழைய நிலையில் 38 என்பது ஒரு பிரேமுக்குச் சராசரி 26 மில்லிவிநாடி. ஆனால் சில பிரேம்களுக்கு 80, 90 கூட ஆயிற்று. பார்ப்பவன் சிரித்தது சராசரியைக் கண்டல்ல, அந்த மோசமான கணங்களைக் கண்டுதான். ஆகவே இப்போது கணினியை மதிப்பிடுவோர் சராசரியோடு, நூற்றில் மிகத் தாழ்ந்த ஒரு பங்கையும் தனியே அளக்கிறார்கள். நாட்டை மதிப்பிடுவோரும் இப்பழக்கத்தைக் கைக்கொள்வார்களாயின் நல்லது.

இப்போது அந்தக் காரணங்களை ஒருமுறை வரிசைப்படுத்திப் பாருங்கள். மின்கட்டணத்துக்கு அஞ்சிய உம்மா. எட்டு மாத இடைவெளியில் பாதி பாதியாக நடந்த கொள்வனவு. கையேடு இல்லாத பழைய பலகை. சொல்லித்தர ஆளில்லாமை. கடலோரத்துச் சன்னல். இவற்றுள் எதுவும் பெட்டியின் மேல் ஒட்டிய விபரத்தாளில் எழுதப்பட்டிருக்கவில்லை. கணினிக்குள்ளே நாங்கள் கண்டது கணினியை அல்ல, ஒரு வீட்டின் பொருளாதாரத்தை.

ஒரே பெயரின் கீழ் இரு வேறு பொருள் இருப்பது ஏழை வீட்டில் மட்டும் நேர்வதுமன்று. 'ஜிடி 1030' என்ற படஅட்டை 2017இல் வெளிவந்தது. 2018இல் அதே பெயரில், வேகம் குறைந்த வேறு நினைவகத்துடன் இன்னொன்று வந்தது. முன்னதன் நினைவகப் பாதை விநாடிக்கு 48 ஜிகாபைட். பின்னதன் பாதை 16.8. பெயரை மட்டும் பார்த்து வாங்கியவன், தன் விளையாட்டு மட்டும் ஏன் பாதி வேகத்தில் ஓடுகிறது என்று தன்னையே நொந்துகொண்டிருப்பான். சந்தையிலே பெயர் சமத்துவம் மிக மலிவு. அதை அச்சடிக்க மை போதும்.

அன்று மாலை அஸர் தொழுதுவிட்டு நாங்கள் கடற்கரைக்கு நடந்தோம். பையனின் வாப்பாவும் வந்தார். அமைச்சராக இருந்த எம். எச். எம். அஷ்ரஃப் கனவு கண்ட துறைமுகம் இது. 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 16இல் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார். டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பர் 1இல் துறைமுகம் திறந்து வைக்கப்பட்டது. கப்பல் வரும் என்றார்கள்; வந்தது மணல். இக்கரையில் மணல் ஆண்டுக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. குறுக்கே கல்லணை எழுந்ததும் தெற்குப் பக்கம் மணல் குவிந்தது, வாயிலும் மூடிற்று. வடக்குப் பக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராமையால் ஒலுவிலின் வடபகுதியும் நிந்தவூர்ப் பக்கமும் அரிக்கப்பட்டு, தென்னைகளும் வளவுகளும் கடலுக்குள் போயின. வாயைத் தோண்டித் திறக்கும்படி படகுக்காரர் கேட்க, கரையை இழந்தவர் துறைமுகத்தையே வெறுக்க, ஒரே ஊர் இரண்டுபட்டு நின்றதும் உண்டு.

"அந்தப் பக்கம் மண் சேருது, இந்தப் பக்கம் மண் போகுது. ரெண்டும் ஒரே கடல்தான் சேர்" என்றார் வாப்பா. வடக்கே வாழ்பவனின் விதி அப்படி என்று ஒருவன் சொல்லக்கூடும். கண்காட்சி மேசையில் நான் சொன்னதைப் போல. ஆனால் விதியைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. நடுவிலே கல்லணை கண்ணுக்குத் தெரிய நிற்கிறது.

எல்லா வேறுபாட்டுக்கும் வறுமையே காரணம் என்று நான் வாதிடவில்லை. ஆளுக்கு ஆள் திறமை வேறுபடும், உழைப்பு வேறுபடும். பெட்டிகளிலும் நாங்கள் எவ்வளவோ முயன்றும் 90க்கும் 94க்கும் இடையே நான்கு பிரேம் மிஞ்சியது. ஒரே ஆலையில் வார்த்த இரண்டு செயலிகளும் முற்றாக ஒன்றாக இருப்பதில்லையாம். அந்த நான்கை இயற்கையின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் முன்பிருந்த வேறுபாடு ஐம்பத்தாறு. அதில் ஐம்பத்திரண்டை ஒரு பின்னேரத்தில் மூன்று பையன்களும் ஒரு திருப்புளியும் ஒரு தூரிகையும் அகற்றிவிட்டன. நான்கைக் காட்டி ஐம்பத்தாறையும் இயற்கையென்று நம்பவைப்பதுதான் நம்முடைய பரீட்சைகளும் பரிசளிப்புகளும் நெடுங்காலமாகச் செய்து வரும் சூது. நானும் அதிலே கூட்டாளியாக இருந்திருக்கிறேன்.

நம் வகுப்பறைகளில் எல்லோருக்கும் ஒரே பாடநூல், ஒரே சீருடை, ஒரே வினாத்தாள். இலவசக் கல்வி தந்த இந்தச் சமத்துவத்தைக் குறைத்து மதிப்பிடுபவன் நானல்லன். அது இல்லையேல் அந்தப் பையனும் இல்லை, நானும் இல்லை. ஆனால் விபரத்தாள் சமமானதும் வேலை முடிந்துவிட்டதாக நாம் ஓய்ந்துவிடுகிறோம். உள்ளே எந்தத் துளையில் எது இருக்கிறது, எங்கே புழுதி அடைத்திருக்கிறது, எவன் வீட்டில் மின்சிக்கனம் என்று திறந்து பார்ப்பதில்லை. திக்கித் திக்கி வாசிக்கும் பிள்ளையைக் கண்டதும் சிவப்புப் பேனாவை எடுக்கிறோம். மாற்றி ஓடவிட்டுப் பார்க்கும் அந்த முதற்சோதனையை, கணினிக்குச் செய்ததை, மாணவனுக்கு நாம் எப்போதாவது செய்திருக்கிறோமா?

பையன் கத்தாருக்குப் போகவில்லை. இப்போதைக்கு உயர்தரம் எடுக்கிறான். நாளை என்ன நடக்குமென்று நான் ஆரூடம் கூறமாட்டேன். வாப்பாவின் படகு கடலுக்குப் போவதும் போகாததும் அதைத் தீர்மானிக்கும். கடைக்காரரின் மகனும் அவனும் இப்போது சேர்ந்து துறைமுகத்தை விரிவாக்குகிறார்கள். அணை கட்டுமுன் இருந்த கரையையும் அதில் காட்டப் போகிறார்களாம். கண்காட்சித் தீர்ப்புத் தாளை நான் தேடி எடுத்து, அந்த வரியைக் கோடிட்டு அடித்து, கீழே எழுதி ஒப்பமிட்டிருக்கிறேன்: "நேர்த்தி உண்டு. முயற்சி போதாதது நடுவருக்கு."